அவளுக்கென்று எடுத்துவைத்த சூரை

1

இது கட்டுரையாகப் பிறந்திருக்க வேண்டியது. கதையாகிப்போனதற்கு நான் மட்டும் காரணமில்லை. பாலாடைக்கட்டியும் காரணம்.

அறிவியல் இதழ் நடத்தும் சூர்யபிரகாஷ் எனக்குத் தூரத்துச் சொந்தம். ஒருநாள் போன் செய்து, 'நொதிகளைத் தடுக்கும் மருந்துகள், உணவிலுள்ள அமீன்களை உடல் கையாளும் விதத்தை எவ்வாறு பாதிக்கின்றன' என்று ஒரு கட்டுரை வேண்டும் என்றார். தலைப்பைச் சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே மூச்சு வாங்கியது. நான் திருச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேதியியல் டீச்சர். வீடு கீரனூரில். தினமும் பஸ்ஸில் போய்வருகிற நேரம் சும்மாதானே போகிறது என்று நினைத்து என் தலையில் கட்டிவிட்டார். நானும் சரி என்று சொல்லித் தொலைத்தேன்.

முதல் வரி இப்படி வந்தது:

"மனச்சோர்வுக்கான சில பழைய மருந்துகளை உட்கொள்வோர் முதிர்ந்த பாலாடைக்கட்டி, திராட்சை மது, புளிக்கவைத்த இறைச்சி ஆகியவற்றை அறவே தவிர்க்க வேண்டும்."

எழுதிவிட்டு பஸ் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தேன். கீரனூர் பஸ் ஸ்டாண்டில் வெள்ளரிப்பிஞ்சு விற்றுக்கொண்டிருந்தார்கள். முதிர்ந்த பாலாடைக்கட்டியை நான் கண்ணால் கண்டதில்லை. சூர்யபிரகாஷும் கண்டிருக்க மாட்டார். யாருமே தின்னாத ஒன்றைத் தின்னாதீர்கள் என்று எச்சரிப்பது போல வசதியான சமூக சேவை உலகத்தில் கிடையாது. யாருக்கும் எதுவும் ஆகாது, நம் எச்சரிக்கைக்கு வெற்றி.

பக்கத்து சீட்டில் பிளெஸ்ஸி இருந்தாள். காசநோய்த் திட்டத்தில் களப்பணியாளர். வீடு வீடாகப் போய் மாத்திரை சாப்பிடுகிறார்களா என்று பார்க்கிற வேலை. மாதத்தில் சில நாள் கூட்டத்துக்கென்று திருச்சி வருவாள். அடுத்தவர் போனை எட்டிப் பார்ப்பது அவளுக்கு மூச்சுவிடுவது மாதிரி. பார்த்தாள்.

"இதெல்லாம் யாருக்குக்கா? எங்க ஆளுங்க சிலருக்கு மாத்திரை போட்டுட்டு மீன் சாப்பிட்டா மூஞ்சி செவந்து படபடன்னு வருது. அத எழுதுங்களேன்."

அந்த இடத்தில் கட்டுரை செத்தது.

2

இனி அரைப் பக்கம் வேதியியல். பிடிக்காதவர்கள் தாண்டிப் போகலாம். ஆனால் பின்னால் வந்து ஒன்றும் புரியவில்லை என்று என்னிடம் நிற்கக் கூடாது.

சூரை மாதிரி கருஞ்சதை உள்ள மீன்களில் ஹிஸ்டிடின் என்று ஒரு பொருள் இருக்கிறது. அதுபாட்டுக்குச் சும்மா இருக்கும். மீன் ஐஸ் இல்லாமல் சூட்டில் கிடந்தால் கிருமிகள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். இது ஓர் அமீன், முதிர்ந்த பாலாடைக்கட்டியில் இருப்பதற்குச் சொந்தம். மீன் நாற்றம் எடுப்பதற்கு முன்பே இது நிறைய சேர்ந்திருக்கும். எவ்வளவு நேரம் கொதிக்கவைத்தாலும் போகாது.

கொஞ்சம் ஹிஸ்டமின் உள்ளே போனால் நமக்கு ஒன்றும் ஆகாது. ஏனென்றால் குடலில் ஒரு நொதி இருக்கிறது. டிக்கெட் எடுக்காதவனை அடுத்த ஸ்டாப்பிலேயே இறக்கிவிடுகிற கண்டக்டர் மாதிரி, ஹிஸ்டமினை ரத்தத்துக்குள் விடாமல் அங்கேயே உடைத்துவிடும்.

காசநோய் மாத்திரையில் ஐசோனியசிட் என்று ஒரு மருந்து உண்டு. காசநோய்க் கிருமியைக் கொல்வதில் சூரன். ஆனால் போகிற போக்கில் நம் கண்டக்டரின் கையையும் பிடித்துக் கட்டிவிடுகிறது. பிறகென்ன, ஏறுகிறவன் எல்லாம் ஏறிக்கொள்கிறான். முகம் சிவக்கிறது, தலை வெடிக்கிறது, நெஞ்சு அடித்துக்கொள்கிறது. சில மணி நேரத்தில் தானாகத் தணிகிறது. அதனால்தான் யாரும் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை, அவரவர் இஷ்டத்துக்குக் காரணம் கண்டுபிடித்துக்கொள்கிறார்கள்.

[* பாலாடைக்கட்டியை அடியோடு கைவிட மனசில்லை, அதனால் ஒரு குறிப்பு. மனச்சோர்வுக்கென்று வந்த முதல் நொதித் தடுப்பு மருந்து, காசநோய் மாத்திரைக்குப் பங்காளி. அதைக் காசநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது அவர்கள் காரணமில்லாமல் உற்சாகமாக இருந்தார்களாம். அதைக் கண்டுதான் அதை மனசுக்கும் மருந்தாக்கினார்கள். என் கதையில் யாரும் அப்படி உற்சாகமாக இருக்கப் போவதில்லை.]

3

தொடக்கங்கள்.

"குடுமியான்மலை இசைக் கல்வெட்டின் மேல் இளவெயில்..."

வேண்டாம். இந்த ஊர்ப் பக்கத்தை எழுத வருகிற எல்லாரும் அந்தக் கல்வெட்டில்தான் வண்டியை நிறுத்துகிறார்கள். என் ஆள் மீன்காரன், அங்கே நிறுத்த மாட்டான். கல்வெட்டு மீன் வாங்காது.

"செவந்தி இருமினாள்."

இதுவும் வேண்டாம். நம் கதைகளில் ஒரு பெண் முதல் வரியில் இருமினால் கடைசி வரியில் போய்விடுவாள் என்று வாசகருக்குத் தெரியும். நடுவில் படிக்கவே மாட்டார்.

"சேவுகன் தினமும் தன் பெண்டாட்டிக்கு ஒரு மீனை எடுத்துவைத்துவிட்டுத்தான் வியாபாரத்தைத் தொடங்குவான்."

இது இருக்கட்டும்.

சேவுகன் மீன் வியாபாரி. ஊர் குடுமியான்மலைக்குப் பக்கத்தில். டிவிஎஸ் மொபெட்டின் பின்னால் ஐஸ் பெட்டி. விடியுமுன் புதுக்கோட்டை போய்க் கடற்கரையிலிருந்து வந்த மீனை ஏலத்தில் எடுத்து, ஊர் ஊராக விற்றுக்கொண்டு வீடு வரும்போது மதியம் தாண்டிவிடும். செவ்வாயும் வெள்ளியும் லீவு. அன்றைக்கு இந்தப் பக்கம் யாரும் மீன் வாங்க மாட்டார்கள், அவன் வீட்டிலும் கவிச்சி ஏறாது.

செவந்தி அவன் பெண்டாட்டி. களையெடுக்கப் போய்க்கொண்டிருந்தவள். நுரையீரலில் காசநோய் என்று தெரிந்து ஆறு மாதம் தினமும் மாத்திரை என்று சொல்லிவிட்டார்கள். முதல் இரண்டு மாதம் மாத்திரையைப் போட்டுவிட்டுக் கஞ்சியோடு கிடந்தாள். மீன் வாடையே ஆகவில்லை. பிறகு இருமல் நின்றது, பசி வந்தது. அதைக் கேட்டதும், மாத்திரை கொடுக்க வந்த பிளெஸ்ஸி (கதைக்குள்ளும் அவள் பெயரே இருக்கட்டும், அனுமதி வாங்கிவிட்டேன்) நன்றாகச் சாப்பிடச் சொன்னாள். முட்டை, பருப்பு, மீன்.

மீன்! சேவுகனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அவன் மற்ற எதிலும் பெரிய ஆளில்லை. ஆஸ்பத்திரியில் வாய் திறக்க மாட்டான். டாக்டர் கேட்டால் செவந்தியைப் பார்ப்பான். அவள் இருமிய மாதங்களில் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததைத் தவிர அவனால் ஒன்றும் முடியவில்லை. இப்போது அவனுக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்லிவிட்டார்கள். சூரைச் சதை ரத்தம் மாதிரி சிவப்பாக இருக்கும். அதைத் தின்றால் ரத்தம் ஊறும் என்று அவன் நம்பினான். இருப்பதில் நல்ல சூரையாகப் பார்த்து அவளுக்கு எடுத்துவைக்கத் தொடங்கினான்.

எங்கே எடுத்துவைத்தான் என்பதில்தான் என் கதை இருக்கிறது. ஐஸ் பெட்டிக்குள் வைக்க முடியாது. பெட்டியைத் திறந்தால் பெண்கள் உள்ளே கைவிட்டுக் கிளறுவார்கள், நல்ல மீன் எது என்று அவர்களுக்குத் தெரியும். ஒருத்தி கைகாட்டிக் கேட்ட மீனை இல்லை என்று சொல்ல மாட்டான், சொன்னால் அன்றைய வியாபாரம் படுத்துவிடும் என்பது அவன் கட்டிக்காக்கிற சாஸ்திரம். அதனால் அவளுக்கு எடுத்த மீனைப் பாலித்தீன் பையில் சுற்றி, மொபெட்டின் பக்கவாட்டில் தொங்குகிற சாக்குப் பைக்குள் யார் கண்ணுக்கும் படாமல் சொருகிவிடுவான். மேலே வெயில், பக்கத்தில் சைலன்சர்.

ஊருக்கெல்லாம் ஐஸ் மீன். பெண்டாட்டிக்கு மட்டும் ஒளித்துவைத்த மீன்.

(இந்த இடத்தில் ஒரு நல்ல உவமை போடலாம் என்று ஆசைப்பட்டேன். பிளெஸ்ஸி படித்துவிட்டு, "எதுக்குக்கா, வெளங்குதுல்ல?" என்றாள். எடுத்துவிட்டேன்.)

4

மூன்றாம் மாதம் தொடங்கியது. சாப்பிட்டுக் கை கழுவி வருவதற்குள் செவந்திக்கு முகமும் கழுத்தும் சிவந்து திகுதிகுவென்று எரிந்தது. கறுத்த முகத்திலும் தெரிகிற சிவப்பு. தலைவலி பிளந்தது. நெஞ்சு அடிக்கிற சத்தம் தனக்கே கேட்கிறது என்றாள். சேவுகன் பனையோலை விசிறியை எடுத்து விசிறிக்கொண்டே இருந்தான். சாயங்காலம் சரியாகிவிட்டது. மறுநாளும் வந்தது.

பக்கத்து வீட்டில் இருக்கும் முனியாயி சேவுகனின் அக்கா. தம்பி வீட்டு அடுப்பு அவள் மேற்பார்வையில்தான் எரியும். அவளை வில்லியாக எழுத வேண்டும் என்று முதலில் நினைத்தேன். வரவில்லை. எழுத எழுத அவள்தான் இந்தக் கதையில் ஒரே விஞ்ஞானி என்று தெரிந்தது. கவனித்தாள், ஒப்பிட்டாள், முடிவுக்கு வந்தாள். என் மாணவர்கள் ஒருவரும் இவ்வளவு ஒழுங்காகச் செய்வதில்லை.

அவள் கவனித்தவை: முதல் இரண்டு மாதம் ஒன்றும் இல்லை. பிறகு மாத்திரை அட்டையை மாற்றினார்கள் (மாற்றியது உண்மை, இரண்டு மாதம் முடிந்தால் மாற்றுவார்கள்). அதன் பிறகுதான் வருகிறது. ஒரே சட்டிக் குழம்பை மூன்று பேர் ஊற்றித் தின்கிறோம், ஒருத்திக்குத்தான் வருகிறது, ஆகவே குழம்பு நிரபராதி. கடைசியாக, எல்லாவற்றையும்விட முக்கியமாக, செவ்வாய் வெள்ளியில் மட்டும் வருவதே இல்லை.

"செவ்வா வெள்ளி ஆத்தா நாளு. அன்னைக்கு மாத்திரையோட சூட்ட அவ வாங்கிக்கிறா. மத்த நாள்ல ஒனக்கு எதுக்குடி அந்த வெசம்?"

முடிவு: செவ்வாயும் வெள்ளியும் மட்டும் மாத்திரை. மற்ற நாளில் மீன் மட்டும்.

இனி என் வயிற்றெரிச்சல். இந்தத் தப்பான முடிவு பிரமாதமாக வேலை செய்தது. மாத்திரை போடுகிற நாளில் மீன் இல்லை. மீன் தின்கிற நாளில் மாத்திரை இல்லை, கண்டக்டர் ஏறக்குறைய வேலைக்குத் திரும்பிவிட்டார். சிவப்பு நின்றது, படபடப்பு நின்றது. முனியாயி மாரியம்மனுக்கு மாவிளக்குப் போட்டாள். செவந்தி நிம்மதியாகத் தூங்கினாள். காசநோய்க் கிருமிக்கும் சந்தோஷம். வாரத்தில் ஐந்து நாள் அதற்கு விடுமுறை.

அந்த விடுமுறையில் அது சும்மா இருக்காது. அரைகுறையாக மருந்து கொடுத்தால், எந்த மருந்துக்கும் மசியாத கிருமியாக எழுந்து வரும். அப்படி வந்தால் இப்போதைய மாத்திரைகள் வெறும் சுண்ணாம்பு. செவந்தியின் உயிர் அந்த ஐந்து நாளில் இருக்கிறது. அது அவளுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். நான் கதைக்கு வெளியே உட்கார்ந்து பேனாவைக் கடித்துக்கொண்டிருக்கிறேன்.

5

(இந்தப் பகுதியில் கீரனூர் வேதியியல் டீச்சர் ஒருத்தி தற்செயலாகச் சேவுகனிடம் மீன் வாங்க வந்து, தற்செயலாகப் பேச்சுக் கொடுத்து, நொதி பற்றி ஒன்றரைப் பக்கம் விளக்கி, அவன் கைகூப்பி நன்றி சொல்வதாக எழுதியிருந்தேன். படித்துப் பார்த்தபோது எனக்கே கூச்சமாக இருந்தது. அழித்துவிட்டேன். டீச்சர் நல்ல சேலை கட்டியிருந்தாள், அது ஒன்றுதான் நஷ்டம்.)

6

ஆகவே பிளெஸ்ஸியை அனுப்பினேன். அவளுக்கு அந்த வீட்டுக்குப் போக நியாயமான காரணம் இருக்கிறது.

ஒரு வியாழக்கிழமை மதியம் ஸ்கூட்டியில் போய் இறங்கினாள். அட்டையைக் கேட்டாள். முனியாயி விவரமாகத்தான் தயார் செய்து வைத்திருந்தாள். போடாத மாத்திரைகளை எல்லாம் பிதுக்கி எடுத்து அடுப்புச் சாம்பலில் புதைத்துவிட்டு வெறும் அட்டையை நீட்டினாள். பிளெஸ்ஸி அட்டையை நம்புகிற ஆளில்லை. செவந்தியைத் தனியாகக் கூப்பிட்டு அவளுடைய வழக்கமான கேள்வியைக் கேட்டாள். ஒண்ணுக்கு என்ன கலர்ல போகுது? இந்த மாத்திரை போட்டால் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும். எல்லாரிடமும் கேட்பதுதான்.

செவந்திக்குப் பொய் சொல்ல வராது, கேட்டதற்குப் பதில் சொன்னாள்.

"செவ்வா வெள்ளின்னா செவப்பா போகுது சிஸ்டர். மத்த நாளு சாதாரணமாத்தான்."

பிளெஸ்ஸி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். கொஞ்சம் கொஞ்சமாக எல்லாவற்றையும் கேட்டு வாங்கினாள். எப்போது சிவந்தது, அன்றைக்கு என்ன குழம்பு, செவ்வாய் வெள்ளியில் என்ன குழம்பு. பிறகு சொன்னாள்: மாத்திரையிலும் தப்பில்லை, நாளிலும் தப்பில்லை. இந்த மாத்திரையோடு சூரை மாதிரி மீன் சேரக் கூடாது, அதுவும் சூட்டில் கிடந்த மீன் ஆகவே ஆகாது. மாத்திரையை நிறுத்தினால் ஆபத்து. மறுபடி சளி எடுத்துப் பார்க்க வேண்டும். சொல்லிவிட்டு, அப்போதுதான் வந்து வண்டியை நிறுத்திய சேவுகனிடம் கேட்டாள், வீட்டுக்குக் கொண்டுவருகிற மீனை எதில் வைத்துக் கொண்டுவருகிறீர்கள் என்று.

"ஐஸ் பொட்டியிலதாங்க" என்றான் சேவுகன்.

அவன் கை பக்கவாட்டுச் சாக்குப் பையின் மேல் இருந்தது.

பிளெஸ்ஸி சளி டப்பாவில் மாதிரி வாங்கிக்கொண்டு போனாள். அவள் தெருமுனை திரும்பியதும் முனியாயி சொன்னது: அது வேதத்துக்காரப் புள்ள, அதுக்கு ஆத்தாளப் பத்தி என்ன தெரியும். மீன் விற்கிறவனே ஐஸ் பெட்டி மீன் என்று சொல்லிவிட்டான், அப்புறம் மீன் மேல் எப்படிப் பழி போடுவது? செவந்தி யோசித்துப் பார்த்தாள். புருஷன் கொண்டுவருகிற மீனில் குறை இருக்காது. அவளைப் பொறுத்தவரை கேஸ் முடிந்தது.

சேவுகனுக்குக் கேஸ் முடியவில்லை. சனிக்கிழமை வழக்கம்போல அவளுக்குச் சூரை கொண்டுவந்தான். பையிலிருந்து எடுக்கும்போது மீன் வெதுவெதுப்பாக இருந்ததை முதல்முறையாகக் கையில் உணர்ந்தான். அவன் எப்போதும் துண்டம் தின்ன மாட்டான். துண்டம் எல்லாம் அவளுக்கு, அவனுக்குத் தலையும் குழம்பும். அன்றைக்கு அவள் தண்ணீர் எடுக்க எழுந்த நேரத்தில் அவள் தட்டிலிருந்து ஒரு துண்டத்தை எடுத்து வாயில் போட்டான். நாக்கில் சுருக்கென்றது. மிளகு கடித்த மாதிரி, ஆனால் மிளகு இல்லை. கெட்ட மீனுக்கு உள்ள ருசி. மீன்காரனுக்குத் தெரியாதா?

அவ்வளவு நாளும் அவள் இதைத்தான் தின்றிருக்கிறாள். ஒரு நாள் கூட ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அவள் செம்போடு திரும்பி வந்து, மிச்சத் துண்டங்களையும் ஒன்றுவிடாமல் தின்றாள். அவன் தடுக்கவில்லை. ஏன் தடுக்கவில்லை என்று நான் எழுதிப் பார்த்தேன், எழுதிய ஒவ்வொரு காரணமும் அவனுக்கு வக்காலத்து மாதிரி இருந்தது. கோழைத்தனம் என்று எழுதிவிட்டு மேலே போகிறேன்.

7

முடிவுகள்.

(அ) சூர்யபிரகாஷுக்கான முடிவு. பிளெஸ்ஸி ஊர்க் கூட்டம் போட்டு விளக்குகிறாள். முனியாயி, "இத்தன நாளு தெரியாமப் போச்சே" என்கிறாள். எல்லாரும் கைதட்டுகிறார்கள். செவந்தி குணமாகிச் சிரித்த முகத்துடன் ஒரு போஸ்டரில் இடம்பெறுகிறாள். இதை அனுப்பினேன். அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது. எனக்குப் பல் கூசியது.

(ஆ) பரிசு வாங்குகிற முடிவு. சேவுகன் சொல்லவே இல்லை. கிருமி முற்றிவிடுகிறது. செவந்தி போய்விடுகிறாள். வெறும் சாக்குப் பை மழையில் நனைந்துகொண்டு தொங்குகிறது. மழை கட்டாயம் வேண்டும். புதுக்கோட்டையில் மழைக்கு எங்கே போவது என்று கேட்காதீர்கள், கதை என்றால் பெய்துதான் ஆக வேண்டும்.

(இ) எனக்குப் பிடித்த முடிவு. சேவுகன் ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் அன்றிலிருந்து சூரை எடுத்துவருவதை நிறுத்திவிடுகிறான். சூரை வரத்து இல்லை என்று ஒரு பொய். சாக்குப் பையைக் கழற்றி எறிந்துவிடுகிறான். அவ்வளவுதான். பேசாத அன்பு, பேசாத குற்றம், வாசகரே புரிந்துகொள்ள வேண்டிய மௌனம். எழுதி முடித்தபோது எனக்கே என் மேல் மரியாதை வந்தது.

பிளெஸ்ஸியிடம் பஸ்ஸில் படித்துக் காட்டினேன். மாத்தூர் தாண்டுகிற வரைக்கும் கேட்டாள். பிறகு கேட்டாள்:

"அப்ப அந்தம்மா ஞாயித்துக்கிழமை மாத்திரை போடுமா, போடாதாக்கா?"

நான் மௌனத்தின் அழகைப் பற்றி ஏதோ சொன்னேன்.

"போடாது. அவரு மீன நிப்பாட்டிட்டாலும் அது ஆத்தா நாளத்தான் நம்பிக்கிட்டு இருக்கும். அஞ்சு நாளு போடாமயே இருக்கும். உங்க மௌனத்துல அது செத்துரும்க்கா."

கோபம் வந்தது எனக்கு. அவள் சொன்னது சரியாக இருந்ததால் இன்னும் அதிகமாக வந்தது. (ஆ)வும் (இ)யும் ஒரே முடிவுதான். ஒன்றில் மழை பெய்கிறது, இன்னொன்றில் பெய்யவில்லை.

அவள் விடவில்லை. கதையில் எங்காவது ஒரு வரி வர வேண்டும் என்றாள். இதைப் படிக்கிறவர்களில் மாத்திரை போடுகிறவர்கள் இருப்பார்கள், படித்துவிட்டு மாத்திரையை நிறுத்தினால் யார் பொறுப்பு? மாத்திரையை விடாதீர்கள், மீனை விடுங்கள் என்று ஒரு வரி. நான் சிரித்தேன். இது சுவரில் எழுதுகிற வாசகம், இலக்கியத்தில் வராது என்றேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

8

அன்றைக்கு நாள் முழுக்க அந்த வாசகம் தலைக்குள் கிடந்து அரித்தது. பத்தாம் வகுப்பில் உப்புகள் பற்றிப் பாடம் நடத்தும்போதும் கிடந்தது. சுவரில் எழுதினால் யாரும் திரும்பிப் பார்க்காத வரி. நோட்டீஸில் அச்சடித்தால் வடை மடிக்கிற வரி. டாக்டர் சொல்லலாம், பிளெஸ்ஸி சொல்லலாம், நான் சொல்லலாம். எங்கள் யாருக்கும் அதில் நஷ்டம் கிடையாது.

ஒரே ஒருவனுக்கு மட்டும் அது சுவரெழுத்து இல்லை.

அவன் சொன்னால் செவந்தி நம்புவாள், ஏனென்றால் பையில் வைத்தவன் அவன். ஆனால் அதைச் சொல்ல வேண்டுமென்றால், உனக்கென்று ஊரறியாமல் ஒளித்துவைத்து ஓட்டிக்கொண்டு வந்தேனே, அதுதான் உன்னை எரித்தது என்றும் சொல்ல வேண்டும். அவனிடம் கொடுப்பதற்கு இருந்தது அந்த ஒரு மீன்தான். அதை வேண்டாம் என்று அவனே சொல்ல வேண்டும்.

பிளெஸ்ஸியின் வரியை எடுத்துக்கொள்கிறேன். அவளிடம் நேரில் ஒத்துக்கொள்ள மாட்டேன். கதையில் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

9

ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு என்றால் பெட்டி சீக்கிரம் காலியாகும். சேவுகன் வழக்கத்தைவிட முன்னாலேயே வந்துவிட்டான். செவந்தி மசாலா அரைத்து வைத்துவிட்டு, சாப்பிடாமல் காத்திருந்தாள். சாக்குப் பை தட்டையாகத் தொங்கியது. அவள் அதைத்தான் முதலில் பார்த்தாள். சூரை இல்லையா என்று கேட்டாள்.

அவன் கைகால் கழுவாமலேயே அடுக்களை வாசலில் வந்து உட்கார்ந்தான்.

"செவந்தி. மாத்திரைய விடாத. மீன விட்டுரு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மீன்காரன் பேசுகிற பேச்சா இது என்று கேட்டாள். அவன் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திக்கொண்டாள்.

"ஒனக்குன்னு எடுத்தது ஐஸ் பொட்டியில வரல. இந்தச் சாக்குல வந்துச்சு, வெயில்ல. அந்த சிஸ்டர்ட்ட பொய் சொல்லிப்புட்டேன். நேத்து ஒன் தட்டுலருந்து எடுத்துத் திண்டு பாத்தேன், நாக்குல சுருக்குங்குது. ஆத்தாளும் இல்ல, மாத்திரையும் இல்ல. நாந்தான்."

செவந்தி அம்மியைப் பார்த்தாள். அரைத்து வழித்த மசாலா உருண்டையாகத் தட்டில் இருந்தது. இனி அதை என்ன செய்வது என்பது போலப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"ஆமா, சுருக்குன்னுதான் இருந்துச்சு."

"அப்பறம் ஏன் திண்ட?"

"நீங்க பாத்துக்கிட்டே இருந்தீங்கள்ல."

(இதற்கு மேல் அவன் என்ன சொன்னான் என்று பலமுறை எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் அவன் ஒன்றும் சொல்லவில்லை, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். சரி, மௌனமாக இருக்கட்டும். சொல்ல வேண்டியதைச் சொன்ன பிறகு இருக்கிற மௌனம் என்பதால் பிளெஸ்ஸி சண்டைக்கு வர மாட்டாள்.)

செவந்தி எழுந்துபோய் மாடத்திலிருந்து மாத்திரை அட்டையை எடுத்துவந்தாள். மாத்திரைகளைப் பிதுக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். பக்கத்து வீட்டில் முனியாயி யாரிடமோ பேசுகிற சத்தம் கேட்டது. செவந்தி அந்தப் பக்கம் பார்த்தாள். அவன் பக்கம் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமையில் போட்டால் என்ன வரும் என்று அவள் உடம்புக்குத் தெரியும். நெஞ்சு அடிக்கிற சத்தம் காதில் கேட்கும். அந்தப் பயம் ஒரு வாக்கியத்தில் போய்விடுமா என்று எனக்குத் தெரியவில்லை.

இத்தோடு நிறுத்துகிறேன். பிளெஸ்ஸி கொண்டுபோன சளி மாதிரியின் ரிப்போர்ட் இன்னும் வரவில்லை. அந்த ஐந்து நாள் விடுமுறைகளில் கிருமி என்ன கற்றுக்கொண்டது என்று அதில்தான் தெரியும். அதை என்னால் எழுத முடியாது. நல்லதாக எழுதினால் சூர்யபிரகாஷ் ஜெயித்துவிடுவார், கெட்டதாக எழுதினால் மழை பெய்யத் தொடங்கிவிடும்.

செவந்தியின் ஒரு கையில் மாத்திரை. இன்னொரு கையைச் சுவரில் ஊன்றியிருக்கிறாள். சேவுகன் முகத்திலிருந்து துண்டை எடுக்கவில்லை, அவன் எழுந்து கொடுப்பான் என்று தோன்றவில்லை. இத்தனை நேரம் அடுக்களை வாசலில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பவர் நீங்கள் ஒருவர்தான். தண்ணீர்ச் செம்பு உங்கள் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கிறது. எடுத்துக் கொடுங்கள்.